உயிர் பிழைத்தது, கை கால் பிழைக்கவில்லை: ஹோ சி மின் நகர டெக்ஸாமெதாசோன் சோதனை – ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டு வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், விடாத தலைவலி, சோறு இறங்கவில்லை. டைஃபாய்டு என்று ஒரு சுற்று ஆன்டிபயாடிக் முடிந்திருக்கும். மூன்றாவது வாரம் பேச்சு குழறும், ஒரு கண் உள்ளே திரும்பும், பிறகு ஒருநாள் காலையில் ஒரு பக்கக் கை தூக்க வராது. டிபி மெனிஞ்சைடிஸ், அதாவது காசநோய் மூளைச்சவ்வு அழற்சி, பெரும்பாலும் இப்படித்தான் வரும். அந்தக் கை விழுந்ததற்கு நேரடிக் காரணம் கிருமி இல்லை, ரத்தக்குழாய். இந்த ஆய்வு முழுக்க அந்த வேறுபாட்டைச் சுற்றியே நகர்கிறது.

மூளையின் அடியில் வில்லிஸ் வளையம் என்ற ரத்தக்குழாய் வட்டம் இருக்கிறது. அதிலிருந்து முடி போன்ற கிளைகள் நேராக மேலே துளைத்துப்போய் மூளையின் ஆழப் பகுதிகளுக்கு ரத்தம் தருகின்றன. டிபி மெனிஞ்சைடிஸில் கெட்டியான, கூழ் போன்ற கசிவு தேங்குவது சரியாக இந்த இடத்தில்தான். கிளைகள் அந்தக் கூழுக்குள் மூழ்கிக் கிடக்கும். முதலில் குழாயின் வெளிச்சுவர் வீங்கும், பிறகு நடுச்சுவர். கடைசியில் உள்சுவரின் செல்கள் பெருகிக் குழாயின் வாயை அடைக்கும். அங்கே ரத்தம் உறைந்தால் பக்கவாதம். மூளையின் ஆழத்தில் இருக்கும் வால் வடிவ உட்கருவின் தலை, தலாமஸின் முன்பகுதி, இன்டர்னல் கேப்சூல் என்ற நரம்பிழைக் கற்றையின் முன்கால், அதன் முழங்கால் வளைவு ஆகிய இடங்களில்தான் இந்த நோயின் பக்கவாதம் குவிகிறது. 1992இல் தைவான் ஆய்வாளர்கள் இந்தப் பரப்புக்கு ‘டிபி மண்டலம்’ என்றே பெயர் வைத்தார்கள். வயதானவருக்கு ரத்தக்கொதிப்பால் வரும் பக்கவாதம் வேறு இடங்களை நாடும். இளம் வயது நோயாளியின் ஸ்கேனில் இந்த மண்டலம் கறுத்திருந்தால் டிபியை நினைக்காமல் இருக்கக்கூடாது.

கிருமி எப்படி உள்ளே போகிறது என்பதற்கு 1933இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆர்னால்ட் ரிச்சும் ஹோவர்ட் மெக்கார்டக்கும் தந்த விளக்கம் இன்றும் அடிப்படையாக நிற்கிறது. ரத்தத்தின் வழியாக மூளைக்கு வந்த கிருமி உடனே மெனிஞ்சைடிஸ் தருவதில்லை. மூளையின் மேற்பரப்பிலோ சவ்விலோ ஒரு சிறு முடிச்சாக அடங்கிக் கிடக்கிறது. அது உடைந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீருக்குள் கொட்டும்போதுதான் அழற்சி வெடிக்கிறது. மருந்து கொடுத்துக் கிருமியைக் கொன்றாலும் செத்த கிருமியின் உடைசலே அழற்சியைத் தொடர்ந்து தூண்டும். ஆகவேதான் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு என்ற யோசனை 1950களிலிருந்தே சுற்றி வந்தது. எகிப்திலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த சோதனைகள் நம்பிக்கை தந்தன. ஆனால் பெரிய அளவில், மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் போலி மருந்தோடு ஒப்பிட்ட சோதனை பெரியவர்களிடம் நடக்கவில்லை.

அதை நடத்தியது வியட்நாம். ஹோ சி மின் நகரின் ஃபாம் ங்கோக் தாக் மருத்துவமனை, வெப்பமண்டல நோய் மருத்துவமனை ஆகிய இரண்டிலும் 2001 ஏப்ரல் முதல் 2003 மார்ச் வரை 14 வயதுக்கு மேற்பட்ட 545 பேரைச் சேர்த்தார்கள். தலைமை தாங்கியவர் கை த்வைட்ஸ் (Guy Thwaites) என்ற மருத்துவர். முடிவுகள் 2004இல் வெளியாயின. 274 பேருக்கு டெக்ஸாமெதாசோன் (சுருக்கமாக டெக்ஸா) என்ற ஸ்டீராய்டு, 271 பேருக்குப் போலி மருந்து. ஒன்பது மாதக் கணக்கெடுப்பில் 10 பேர் மட்டுமே தொடர்பு விட்டுப் போனார்கள். நகரமும் கிராமமும் கலந்த நோயாளிக் கூட்டத்தில், ஒன்பது மாதம் கழித்து 535 பேரின் நிலை தெரிந்தது என்றால் அதுவே பெரிய உழைப்பு. இந்த எண்ணைக் கவனிக்காமல் இறப்பு விகிதத்துக்குத் தாவிவிடுகிறவர்கள் அதிகம்.

டிபி மருந்து இரு தரப்புக்கும் ஒன்றுதான்: ஐசோனியாசிட் கிலோவுக்கு 5 மி.கி., ரிஃபாம்பிசின் 10 மி.கி., பைரஸினமைடு 25 மி.கி., ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி 20 மி.கி. மூன்று மாதம். அதன்பின் ஊசியை நிறுத்தி மற்ற மூன்றும் ஆறு மாதம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசினுக்குப் பதில் எதாம்பூட்டால் 20 மி.கி.

ஸ்டீராய்டு அளவு நோயின் நிலையைப் பொறுத்தது. சுயநினைவு முழுதாக இருந்து நரம்புக் குறை எதுவும் இல்லையென்றால் முதல் நிலை. சுயநினைவை 3 முதல் 15 வரை மதிப்பிடும் கிளாஸ்கோ அளவுகோலில் 11 முதல் 14 வரை, அல்லது 15 இருந்தும் ஏதாவது நரம்புக் குறை இருந்தால் இரண்டாம் நிலை. 10 அல்லது அதற்குக் கீழே மூன்றாம் நிலை. இரண்டாம், மூன்றாம் நிலைக்கு மொத்தம் எட்டு வாரம்: ரத்தநாள ஊசியாகக் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.4 மி.கி. முதல் வாரம், பிறகு 0.3, 0.2, 0.1 என நான்கு வாரம். ஐந்தாம் வாரம் மாத்திரைக்கு மாறி நாளொன்றுக்கு 4 மி.கி., பிறகு வாரத்துக்கு 1 மி.கி. குறைத்து நிறுத்த வேண்டும். முதல் நிலைக்கு ஆறு வாரம்: ஊசி 0.3, 0.2, மூன்றாம் வாரம் மாத்திரையாக 0.1, அதன்பின் 3, 2, 1 மி.கி.

50 கிலோ எடையுள்ள இரண்டாம் நிலை நோயாளிக்குக் கணக்குப் போட்டால், முதல் வாரம் நாளுக்கு 20 மி.கி. நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் 2 மி.லி. குப்பியில் 8 மி.கி. இருக்கும். அதாவது 5 மி.லி., இரண்டரைக் குப்பி. இரண்டாம் வாரம் 3.75 மி.லி., மூன்றாம் வாரம் 2.5 மி.லி., நான்காம் வாரம் 1.25 மி.லி. நடைமுறையில் தவறு நடப்பது பெரும்பாலும் இந்தக் கணக்கில் இல்லை, டிஸ்சார்ஜ் சீட்டில்தான். மூன்றாம் வாரம் தெளிந்து வீட்டுக்குப் போகிறவரிடம் “மாத்திரை தொடரவும்” என்று மட்டும் எழுதிவிட்டால், ஒன்று அவர் திடீரென்று நிறுத்திவிடுவார், அல்லது நான்கு மாதம் விடாமல் விழுங்குவார். முதலாவதில் அழற்சி திரும்பிக் கிளம்பும், அட்ரினல் சுரப்பியும் கைவிடும். இரண்டாவதில் சர்க்கரை ஏறும், தசை கரையும். எந்த வாரம் எத்தனை மாத்திரை என்று தேதி போட்டு எழுதித் தருவதுதான் ஒரே வழி. இன்னொன்று: ரிஃபாம்பிசின் கல்லீரலில் ஸ்டீராய்டைச் சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிடும். எழுதிய அளவுக்கும் உடம்பில் வேலை செய்யும் அளவுக்கும் இடையில் இடைவெளி விழுவது அதனால்தான். வெறுங்காலோடு வயலில் இறங்குகிற ஊர்களில் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் குடற்புழுவையும் மறக்கக்கூடாது. ஸ்டீராய்டின் மறைவில் அது உடம்பெங்கும் பரவிக் கொல்லும்.

முடிவு இதுதான். டெக்ஸா பெற்ற 274 பேரில் 87 பேர் இறந்தார்கள், 31.8 சதவீதம். போலி மருந்து பெற்ற 271 பேரில் 112 பேர், 41.3 சதவீதம். போலி தரப்போடு ஒப்பிட்ட இறப்பு அபாயம் 0.69. நூற்றுக்கு ஏறக்குறைய பத்துப் பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள்.

ஆனால் பிழைத்தவர்களில் கடும் ஊனத்தோடு எஞ்சியவர்களை எண்ணினால் டெக்ஸா தரப்பில் 187 பேரில் 34, போலி தரப்பில் 159 பேரில் 22. அதாவது 18.2க்கு எதிராக 13.8 சதவீதம். ஸ்டீராய்டு ஊனத்தை உண்டாக்கியது என்று இதை வாசிப்பது தவறு. இறந்திருக்க வேண்டியவர்களில் ஒரு பகுதியினர் பிழைத்து, ஊனமுற்றோர் கணக்கில் சேர்ந்தார்கள் என்று வாசிப்பதே பொருத்தம். இறப்பையும் கடும் ஊனத்தையும் கூட்டிப் பார்த்தால் 121க்கு 134. சதவீதத்தில் 44.2, 49.4. இந்த வேறுபாடு புள்ளியியல் உறுதி பெறவில்லை. வேறு விதமாகச் சொன்னால், நோயாளி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போதே பல குழாய்கள் அடைபட்டுவிட்டிருந்தன. அடைபட்ட குழாயை ஸ்டீராய்டு திறக்காது.

ஐந்து ஆண்டுத் தொடர்ச்சி 2011இல் வந்தது. இரண்டு ஆண்டுவரை இருந்த வேறுபாடு ஐந்தாவது ஆண்டில் கரைந்திருந்தது: பிழைத்திருந்தவர்கள் டெக்ஸா தரப்பில் 54 சதவீதம், போலி தரப்பில் 51 சதவீதம். முதல் நிலையில் வந்தவர்களிடம் மட்டும் பலன் நீடிப்பதுபோல் தெரிந்தது.

ஸ்டீராய்டு எப்படி வேலை செய்தது என்ற கேள்விக்கு எதிர்பார்த்த பதில் வரவில்லை. அழற்சி மூலக்கூறுகள் குறையும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதே நோயாளிகளின் ரத்தத்தையும் தண்டுவட நீரையும் அளந்தபோது நோயெதிர்ப்பு எதிர்வினையில் அளக்கக்கூடிய தணிவு எதுவும் இல்லை. 2005இல் வெளியான இந்த முடிவு பலரைச் சங்கடப்படுத்தியது. பின்னர் ஒரு துப்புக் கிடைத்தது. ரத்தநாளச் சுவரின் அடிப்படலத்தைக் கரைக்கும் எம்.எம்.பி.-9 என்ற நொதி, சிகிச்சையின் முதல் சில நாட்களில் டெக்ஸா தரப்பில் குறைந்திருந்தது. 43 பேருக்கு எடுத்த தொடர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களில் 60 நாள் கழித்துப் பக்கவாதத் தடம் டெக்ஸா தரப்பில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. மூளையில் நீர் தேங்குவதும் குறைந்திருந்தது. எண்ணிக்கை சிறியது என்பதால் இதை உறுதியாகப் பிடித்துக்கொள்ள முடியாது. ஆனாலும் இரண்டும் ரத்தக்குழாயையே காட்டுகின்றன.

ஸ்டீராய்டு கைகொடுத்ததற்கு இன்னொரு காரணம் மூளையில் இல்லை, கல்லீரலில் இருந்தது. கடும் பக்கவிளைவுகள் போலி தரப்பில் 45 பேருக்கும் டெக்ஸா தரப்பில் 26 பேருக்கும் வந்தன. கடும் கல்லீரல் அழற்சி போலி தரப்பில் 8 பேருக்கு, அதில் ஒருவர் இறந்தார். டெக்ஸா தரப்பில் ஒருவருக்குக்கூட இல்லை. கல்லீரல் கெட்டால் முதலில் நிறுத்தப்படுவது டிபி மருந்து. மருந்து நிற்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்குக் கிடைக்கும் விடுமுறை. ஸ்டீராய்டு கல்லீரலைக் காத்ததன் வழியாக டிபி மருந்தைத் தடையில்லாமல் ஓடவிட்டது என்பது சோதனை நடத்தியவர்களே முன்வைத்த விளக்கம். சென்னை காசநோய் ஆராய்ச்சி மையம் 1986இல் வெளியிட்ட குழந்தைகள் ஆய்வோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஐசோனியாசிட் கிலோவுக்கு 20 மி.கி. அளவில் தினசரி ரிஃபாம்பிசினோடு கொடுத்தபோது 39 சதவீதக் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஐசோனியாசிடை 12 மி.கி.க்குக் குறைத்ததும் 16 சதவீதம். ரிஃபாம்பிசினை வாரம் இருமுறையாக்கியதும் 5 சதவீதம்.

ரத்தக்குழாய்தான் குற்றவாளி என்றால் ஆஸ்பிரின் ஏன் கூடாது? லக்னோவில் 118 பேரிடம் நாளுக்கு 150 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் குறைந்ததுபோல் இருந்தது, உறுதி இல்லை, இறப்பு 43.4இலிருந்து 21.7 சதவீதமாக இறங்கியது. ஹோ சி மின் நகரிலேயே எச்.ஐ.வி. இல்லாத 120 பேரிடம் 81 மி.கி., 1000 மி.கி., போலி என மூன்றாகப் பிரித்து 2018இல் வெளியிட்டார்கள். கிருமி உறுதியானவர்களில் 60 நாளுக்குள் புதிய பக்கவாதம் அல்லது இறப்பு: போலி தரப்பில் 32க்கு 11, 81 மி.கி.யில் 27க்கு 4, 1000 மி.கி.யில் 28க்கு 3. எண்கள் ஆசை காட்டுகின்றன. இவ்வளவு சிறிய கூட்டத்தை வைத்து வழக்கமான சிகிச்சையாக்கக் கூடாது என்பதே எங்கள் தரப்பு.

எல்லோருக்கும் ஒரே ஸ்டீராய்டா என்ற கேள்வியைக் கிளப்பியது ஒரு மீன். வரிக்குதிரை மீனின் குஞ்சு கண்ணாடி போல இருக்கும். கிருமி உள்ளே செய்வதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம். அமெரிக்காவின் சியாட்டிலில் லலிதா ராமகிருஷ்ணனின் ஆய்வகம் (சிதம்பரத்தில் பிறந்த நோபல் அறிஞர் வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை இவர்) எல்.டி.ஏ.4.எச். என்ற மரபணுவை இப்படிப் பிடித்தது. இது குறைந்தால் அழற்சி போதாமல் கிருமி பெருகும். கூடினால் அழற்சி மிஞ்சிப்போய்க் கிருமியை விழுங்கிய செல்லே வெடித்துக் கிருமி வெளியே கொட்டும். இரண்டு முனையிலும் தோல்விதான். 2012இல் வியட்நாம் நோயாளிகளிடம் இதே மரபணுவைப் பார்த்தபோது, அழற்சி மிஞ்சும் டி.டி. வடிவினருக்கு ஸ்டீராய்டு நன்றாகக் கைகொடுத்திருந்தது. அழற்சி குறைந்த சி.சி. வடிவினருக்குக் கெடுதலாகக்கூட இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. இந்தோனேசிய நோயாளிகளிடம் அந்த மரபணுவுக்கும் இறப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. மரபு வடிவத்தைப் பார்த்தே ஆளைப் பிரிக்கும் சோதனை 2018இல் வியட்நாமில் தொடங்கியது: டி.டி. என்றால் எல்லோருக்கும் டெக்ஸா; மற்றவர்களுக்கு டெக்ஸாவா போலியா என்பது குலுக்கல்.

எச்.ஐ.வி. உள்ளவர்கள் முதல் சோதனையில் 98 பேர்தான் இருந்தார்கள். அவர்களுக்குப் பலன் உண்டா என்று சொல்ல அது போதாது. வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் 520 பேரிடம் நடந்த தனிச் சோதனை 2023இல் வந்தது. ஓராண்டில் இறந்தவர்கள் டெக்ஸா தரப்பில் 263க்கு 116, போலி தரப்பில் 257க்கு 126. 44.1, 49.0 சதவீதம், வேறுபாடு உறுதியில்லை. எச்.ஐ.வி. இல்லாதவரிடம் கிடைத்த பலனை அப்படியே எச்.ஐ.வி. உள்ளவருக்கு எடுத்துவைக்க முடியாது என்பது இதில் தெளிவு.

எந்த ஸ்டீராய்டும் எட்ட முடியாத இடம் மருந்துக்கு அடங்காத கிருமி. ஹோ சி மின் நகரில் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தபோது (வளர்ப்பு) கிருமி கிடைத்த 180 பேரில் 72 பேரின் கிருமி ஏதாவது ஒரு மருந்தையாவது எதிர்த்தது. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டையும் எதிர்த்தவை 10. அந்தப் பத்துப் பேரின் இறப்பு அபாயம் மற்றவர்களைவிட 11 மடங்குக்கு மேல். காரணம் மருந்து மூளைக்குள் நுழையும் அளவில் இருக்கிறது. ஐசோனியாசிடும் பைரஸினமைடும் தண்டுவட நீருக்குள் தாராளமாகப் போகும். ரிஃபாம்பிசின் ரத்தத்தில் உள்ள அளவில் 10 முதல் 20 சதவீதம் மட்டும் போகும். எதாம்பூட்டாலும் ஸ்ட்ரெப்டோமைசினும் அதைவிடப் பெரிதாக மேலில்லை. நுரையீரல் டிபிக்கு நான்கு மருந்து என்பது நான்கு தூண். மூளைக்கு அது இரண்டு தூணும் இரண்டு மூங்கில் கம்பும். ஐசோனியாசிட் சரிந்தால் நல்ல தூண் ஒன்றுதான் மிஞ்சும்.

தூணைப் பலப்படுத்தும் முயற்சி 817 பேரிடம் நடந்து 2016இல் வெளியானது. ரிஃபாம்பிசினைக் கிலோவுக்கு 15 மி.கி.க்கு உயர்த்தி, கிலோவுக்கு 20 மி.கி. லெவோஃப்ளாக்சாசின் என்ற ஆன்டிபயாடிக்கும் எட்டு வாரம் சேர்த்தார்கள். இறந்தவர்கள் கூடுதல் மருந்துத் தரப்பில் 113, வழக்கமான தரப்பில் 114. ஒன்றும் நகரவில்லை. ஆனால் ஐசோனியாசிடை எதிர்க்கும் கிருமி உள்ளவர்களைத் தனியே பிரித்தபோது கூடுதல் மருந்து பெற்றவர்கள் அதிகம் பிழைத்திருந்தார்கள். மொத்தச் சராசரியில் அந்த உண்மை கரைந்து போயிருந்தது. லெவோஃப்ளாக்சாசின் தண்டுவட நீருக்குள் நன்றாகப் போகும் மருந்து என்பதால் இது வியப்பில்லை.

நோயாளி பக்கத்தில் சிக்கல் இது: எதிர்ப்பு இருக்கிறதா என்று திட வளர்ப்பில் தெரிய நான்கிலிருந்து எட்டு வாரம் ஆகும். மூன்றாம் நிலை நோயாளிக்கு அவ்வளவு வாரம் கிடையாது. கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் அல்ட்ரா என்ற கருவி இரண்டு மணி நேரத்துக்குள் விடை தரும், ஆனால் உள்ளே போகும் தண்டுவட நீரின் அளவைப் பொறுத்துத்தான் விடையும். 1 மி.லி. எடுத்து மூன்று பரிசோதனைக்குப் பங்கு போட்டால் எதுவும் கிடைக்காது. குறைந்தது 6 மி.லி., முடிந்தால் 10 மி.லி. எடுக்க வேண்டும். அவ்வளவா என்று உறவினர் மட்டுமல்ல, பயிற்சி மருத்துவரும் பயப்படுவார். பெரியவரின் உடம்பில் தண்டுவட நீர் சுமார் 150 மி.லி. ஊறுவது மணிக்கு ஏறக்குறைய 20 மி.லி. எடுத்த 10 மி.லி. அரை மணியில் நிரம்பிவிடும். நரம்புக் குறையோ, கண்ணுக்குள் பார்வை நரம்பின் முனையில் வீக்கமோ இருந்தால் முதலில் ஸ்கேன்.

நீர் எடுத்த சோதனைக் குழாயை நிற்க வைத்துப் பாருங்கள். நீர் தெளிவாகவோ லேசான புகைமூட்டமாகவோ இருக்கும். சில மணி நேரத்தில் நடுவில் சிலந்தி வலை போல மெல்லிய உறைவு தொங்கலாம். அதே நேரத்தில் கைநரம்பில் ரத்தச் சர்க்கரையும் எடுத்தாக வேண்டும். நீரின் சர்க்கரை ரத்தத்தில் பாதிக்குக் கீழே, புரதம் டெசிலிட்டருக்கு 100 மி.கி.க்கு மேல், லிம்ஃபோசைட் என்ற வெள்ளணு அதிகம் என்ற மூன்றும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும். முதல் நாட்களில் நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளணு மிகுந்திருந்தால், மற்ற பாக்டீரியாவால் வரும் சீழ் மெனிஞ்சைடிஸ் என்று ஏமாறுவதுண்டு. நீரை 3000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றி, மேல்நீரைக் கொட்டிவிட்டு அடியில் தங்கியதைத்தான் சோதிக்க வேண்டும். கண்ணாடிச் சில்லில் டிபி கிருமியைக் காட்டும் ஸீல் நீல்சன் சாயம் போட்டால் நுண்ணோக்கியில் முப்பது நிமிடமாவது பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம் பார்த்து “கிருமி இல்லை” என்று எழுதும் சீட்டுக்கு மதிப்பில்லை.

அல்ட்ரா ‘டிரேஸ்’ (மிகச் சிறு தடம்) என்று காட்டினால் அது டிபிதான். ஆனால் ரிஃபாம்பிசின் எதிர்ப்புப் பற்றி அது எதுவும் சொல்லாது. கருவி மிகக் குறைவான கிருமியைக்கூடப் பிடிப்பதற்குப் பல பிரதிகள் கொண்ட வேறு மரபணுத் துண்டுகளைத் தேடுகிறது. எதிர்ப்பைப் பார்க்கும் ஆர்.பி.ஓ.பி. மரபணு அந்த அளவில் சிக்குவதில்லை. ‘டிரேஸ்’ என்பதை ‘எதிர்ப்பு இல்லை’ என்று வாசித்து வழக்கமான நான்கு மருந்தோடு நிம்மதியாகிவிடுவது நாங்கள் மீண்டும் மீண்டும் காணும் பிழை. மருந்தை உடனே தொடங்கலாம், தொடங்கியே ஆக வேண்டும். கூடவே இரண்டாவது முறை 10 மி.லி. எடுத்து வளர்ப்புக்கும் மறுபடி அல்ட்ராவுக்கும் அனுப்ப வேண்டும். அதை முதல் சில நாட்களுக்குள் செய்ய வேண்டும். ஒரு வாரம் மருந்து ஓடிவிட்டால் நீரில் கிருமி சிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும்.